கைக்கட்டு

“உன் கை போச்சு, ரூஃபஸ். இனிமே நீ எங்களுக்கு வேண்டாம்” என்று விடுவிப்புச் சீட்டை நீட்டினார் மேனேஜர் ஹேஸ்கல். அந்தச் சீட்டு இல்லாமல் எந்த பேஸ்பால்காரனும் வேறு கிளப்பில் காலெடுத்து வைக்க முடியாது.

சீசன் முழுக்கக் கழுத்தில் தொங்கிய கைக்கட்டோடு ரூஃபஸ் தலைகுனிந்து வெளியேறினான். ரயிலேறி, எதிரணி மேனேஜர் குவின்லனின் அறைக்குப் போனான். அங்கே கட்டை அவிழ்த்து வீசிவிட்டு, வலது கையைச் சுழற்றிக் காட்டினான்.

“நீங்க சொன்னபடியே வலிக்குதுன்னு நடிச்சேன் சார். ஒரு ஆட்டத்துலகூடப் பந்து வீசல. விட்டுட்டாங்க. அடுத்த சீசன் உங்களுக்குத்தான்!”

குவின்லன் சுருட்டைப் பற்றவைத்தார். அவர் தலைக்கு மேலே புத்தம்புதுச் சாம்பியன் கொடி தொங்கியது.

“எனக்கு எதுக்குப்பா நீ?”

“சேத்துக்கறேன்னு நீங்கதானே சார்...”

“நீ வீசியிருந்தா இந்தக் கொடி ஹேஸ்கல் வீட்டுல தொங்கிட்டிருக்கும். எனக்கு வேண்டியது கெடச்சாச்சு.”

“வேற கிளப்புக்காவது சொல்லுங்க சார்.”

“உன் கை செத்துடுச்சுன்னு எல்லாப் பத்திரிகையும் எழுதியாச்சே. நான் சொன்னா எவன் நம்புவான்?”

குவின்லன் குனிந்து, தரையில் கிடந்த கைக்கட்டை எடுத்து அவனிடம் கொடுத்தார்.

“இதை மாட்டிக்கோ. ரயில்ல யாராவது எழுந்து இடம் குடுப்பாங்க.”