ரோஜி சொன்ன வழி

"இடப்பக்கம்டி, இடப்பக்கம். அறுபது வயசாகியும் இடது கை எதுன்னு உனக்கு இன்னும் சந்தேகம்தான், எதெல்," என்றாள் ரோஜி.

எதெல்கா கேரவனை இடப்பக்கம் ஒடித்தாள். ஏழு மீட்டர் வண்டி முனகிக்கொண்டே ஆற்றங்கரை மேட்டின் மேல் ஏறியது. பின்னால் தட்டு அலமாரி திறந்துகொண்டது. நொயேமி ஓடிப்போய் முதுகைக் கொடுத்து அதை மூடினாள்.

மணி ஏழு.

"டிசா பூத்திருக்கு, இன்னைக்கோட சரி," என்று வழியில் புளிப்புச் செர்ரி விற்றவள் சொன்னதிலிருந்து வண்டிக்குள் யாருக்கும் நிதானமில்லை.

டிசா ஆற்றின் அடிச்சேற்றில் மூன்று வருடம் கிடந்த பூச்சிகள் ஒரே மாலையில் லட்சக்கணக்கில் மேலே வந்து, பறந்து, கூடி, இருட்டுவதற்குள் செத்து மிதக்கும். அதைத்தான் டிசா பூத்தது என்பார்கள். வருடத்தில் மூன்று நாள், மிஞ்சினால் நான்கு.

ஏழு வருடமாக இதே வண்டியை வாடகைக்கு எடுத்து வருகிறார்கள். ஏழு முறையும் தப்பிவிட்டது. ஒருமுறை வெள்ளம். ஒருமுறை நொயேமியின் முழங்கால். போன வருடம் ஒரே ஒரு நாள் பிந்தி வந்து, கரையெல்லாம் உரித்துப் போட்ட தோல் ஒட்டிக் கிடந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

இன்று விட்டால் இதுவும் போச்சு.

கூட்டம் வராத வளைவு ஒன்று உண்டு. அங்கேதான் அடர்த்தியாகப் பூக்கும். அங்கே போகும் வழி ரோஜிக்கு மட்டும்தான் தெரியும். அவள் பிறந்த ஊர்ப் பக்கம்.

"வேகத்தைக் குறை. எண்பதுல போற, எனக்குத் தெரியும்."

எதெல்கா குனிந்து பார்த்தாள். எழுபத்தெட்டு.

"எழுபத்தெட்டுதான்டி கிழவி," என்று கத்தினாள்.

பக்கத்து இருக்கையில் பிரோஷ்கா சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த பொகாச்சா ரொட்டித் தூள் முன்கண்ணாடியெல்லாம் தெறித்தது.

"இப்ப ஏத்தக் கிணறு ஒண்ணு வரும். கம்பு நெட்டையா வானத்துல நீட்டிக்கிட்டிருக்கும். அங்க வலது பக்கம் இறங்கணும்."

எல்லாரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். மக்காச்சோளம். நெட்டிலிங்கம் போல ஒல்லியாக ஒரு வரிசை மரம். மறுபடி மக்காச்சோளம்.

"குருடுங்களா, அவ்வளவு பெரிய ஏத்தம் கண்ணுக்குத் தெரியலையா?"

"கொஞ்சம் சும்மா இரு," என்று பிரோஷ்கா அவள் வாயை அடைத்தாள்.

எதெல்கா வண்டியை நிறுத்தினாள். சூரியன் மரங்களுக்கு மேல் இரண்டு முழம்தான் இருந்தது.

எதிரே கரைக்காவலர் சைக்கிளில் வந்தார். காலை ஊன்றி நின்று வண்டியை முழுநீளத்துக்கும் அளந்தார்.

"ஏம்மா, இந்த மேட்டுல வண்டி ஏறக் கூடாதுன்னு பலகை வெச்சிருக்கே, படிக்கலையா?"

"ஏத்தக் கிணறு எங்கங்க?" என்றாள் எதெல்கா.

"அது பனிக்காலத்துக் காத்துல விழுந்துருச்சே. அதைத் தாண்டியில்ல வந்திருக்கீங்க." அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு சூரியனைப் பார்த்தார். "பூவுக்கா?"

தலைகள் ஆடின.

"அப்புறம் என்கூட நின்னு என்ன பேச்சு? அரை மணிதான் இருக்கு. பின்னாலயே எடுங்க. நான் உங்களைப் பாக்கவே இல்ல."

கால் கிலோமீட்டர் பின்னோக்கி. இரண்டு பக்கமும் சரிவு. நொயேமி பின் ஜன்னலில் பாதி உடம்பை வெளியே விட்டு, "வா, வா, வேணாம், நில்லு, இப்ப வாடி, என்னைக் கொல்லாம வா," என்று வழிகாட்டிக்கொண்டே வந்தாள். அலமாரி திறந்து இரண்டு தட்டு விழுந்து உடைந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

புல்லுக்குள் ஒடிந்த கம்பு கிடந்தது. எதெல்கா இறக்கினாள். வில்லோ மரக்கிளைகள் கூரையை வறவறவென்று பிறாண்டின. பக்கக் கண்ணாடி ஒன்று மடங்கியது. வண்டி குலுங்கி நின்றபோது முன்னால் ஆறு இருந்தது.

ஆறு தெரியவில்லை.

நீருக்கு மேல் மஞ்சளும் பழுப்புமாக ஒரே பரபரப்பு. ஒன்றை ஒன்று துரத்தி, நீண்ட வாலால் தண்ணீரில் கோடு கிழித்து, விழுந்து, எழுந்து, கரையிலிருந்து கரைவரை. காகிதக் கட்டுகளை யாரோ ஓயாமல் புரட்டுவது போன்ற சத்தம்.

கதவுகளைத் திறந்துபோட்டு இறங்கி ஓடினார்கள். நொயேமி செருப்போடு தண்ணீருக்குள் இறங்கிவிட்டாள். அவள் நரைமுடியில் பத்துப் பன்னிரண்டு வந்து ஒட்டிக்கொண்டன. எதெல்காவின் கையில் ஒன்று அமர்ந்து, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தோலை உரித்துவிட்டுப் பறந்தது.

பிரோஷ்கா மறுபடி ரோஜியைப் பேசவிட்டாள்.

"வந்துட்டீங்களா? எதெல், இப்ப ஏதோ சொல்ல வாயத் திறந்திருப்ப. மூடு. பூச்சி உள்ள போயிடும்."

எதெல்கா வாயை மூடிக்கொண்டாள்.

"நல்லாப் பாத்துக்கோங்க. எனக்கு இவ்வளவுதான் தெரியும். திரும்பிப் போற வழிய நீங்களே கண்டுபிடிச்சுக்கோங்க, அதுக்கு மூச்சு பத்தாது. நர்ஸ் வேற வந்துட்டா."

ஒரு கதவு திறக்கும் சத்தம். தள்ளுவண்டிச் சக்கரம். பிறகு ஒன்றுமில்லை.

கைபேசியில் நாற்பத்தோரு நிமிடப் பதிவு. மார்ச் மாதம் கட்டிலில் படுத்தபடியே பேசி அனுப்பியிருந்தாள். ஏப்ரலில் அவளைப் புதைத்துவிட்டு வந்த அன்றே மூவரும் கேரவனுக்குச் சொல்லிவைத்துவிட்டார்கள்.

ஆறு இன்னும் பூத்துக்கொண்டிருந்தது.

பிரோஷ்கா கைபேசியை உள்ளே வைக்கவில்லை. அதன் முகம் ஆற்றுப் பக்கம் இருக்கும்படி திருப்பிப் பிடித்துக்கொண்டாள்.