மொட்டைமாடிச் சூடு

இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்த நாள்முதல் அந்தப் பருவநிலை விஞ்ஞானி விடுப்பு விண்ணப்பங்களைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தார். வெகுகாலம் கழித்து ஒரு கட்டுரை எழுதிய மகிழ்ச்சியில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. உதவி ஆய்வாளரைக் கூப்பிட்டார்.

“நம்ம மொட்டைமாடி வெப்பமானியைப் பாரும்மா! மூணு வருஷமா சூடு மளமளன்னு ஏறுது. மனுஷன்தான் காரணம்னு அடிச்சு எழுதியிருக்கேன்.”

“மாடிக்குப் போய்ப் பாத்தேன் சார்...” என்று இழுத்தாள் அவள். “மூணு வருஷம் முன்னாடிதானே நீங்க டைரக்டராகி, இந்த ரூமுக்கு ஏசி போட்டாங்க? அதோட அவுட்டோர் யூனிட், வெப்பமானி மூஞ்சியிலதான் அனல் கக்குது.”

ஏசியிலும் அவருக்கு வியர்த்தது. ரிமோட்டைத் தேடி எடுத்து அணைத்தார்.

“நான் எழுதினது ஒண்ணும் தப்பில்லைம்மா. மனுஷன்தான் காரணம். எந்த மனுஷன்னு மட்டும் சேர்த்துடறேன்.”