காய்ச்சலே இல்லாத மண்டலம்

மண்டல சுகாதார அதிகாரி டிவியில் பேட்டி கொடுத்த மறுநாள் காலை, வெளியூரிலிருந்து மகள் போன் செய்தாள்.

“அப்பா, இங்க வீட்டுக்கு வீடு பன்றிக் காய்ச்சல். கைக்குழந்தைய வச்சுக்கிட்டு உயிரே நடுங்குது. உங்க மண்டலத்துல பருவக் காய்ச்சலும் இல்ல, பன்றிக் காய்ச்சலும் இல்லன்னு சொன்னீங்களே, அதான் கிளம்பி வரேன்.”

அதிகாரிக்கு வியர்த்தது. “இப்ப வேணாம்மா. வீட்டுக்கு பெயிண்ட் அடிக்கப் போறோம்.”

மனைவி போனைப் பிடுங்கினாள். “அவர் கெடக்கார், நீ வாடி கண்ணு!” போனை வைத்துவிட்டுக் கணவர் பக்கம் திரும்பினாள். “பெத்த பொண்ணு வர்றான்னா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிற அப்பாவ இப்பதான் பாக்குறேன்.”

 மாலையில் மனைவி கடைக்குப் போனதும் அவர் மகளைப் போனில் கூப்பிட்டார்.

“எங்கம்மா இருக்க?”

“ரயில்ல ஏறி உக்காந்தாச்சுப்பா.”

“உடனே எறங்கிடு! இங்க ஆஸ்பத்திரி வராண்டா வரைக்கும் காய்ச்சல்காரங்கதான். மேலிடத்துல நல்ல பேரு வாங்கணும்னு, யாருக்கும் பரிசோதனையே பண்ணாதீங்கன்னு நான்தான் சொல்லிட்டேன். பரிசோதிச்சாத்தானே கணக்குல வரும்?”

 மறுமுனையில் மகள் விசும்பினாள்.

“எந்த அதிகாரியாவது அப்படிச் செய்வாராப்பா? நான் வரக்கூடாதுன்னா நேரா சொல்லுங்க. அதுக்காக இப்படியா வாய் கூசாம பொய் சொல்லுவீங்க?”

ரயில் கிளம்பும் சத்தம் கேட்டது.