சிவப்பு நூல் தையல்

வெளிநாட்டில் வேலை வாங்கித் தருவதாகச் சொன்ன வீடு அது. ஒரு பகலில் சுகந்தி வந்து, தன் நீலச் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனாள். அறுந்த வாரை அவளே சிவப்பு நூலால் தைத்திருந்தாள்.

அங்கே ஏற்கெனவே ஒன்பது ஜோடி கிடந்தன. எல்லாம் பெண்களுடையவை. கடல் கடந்து வந்த ஒரு ஜோடியின் பேச்சு மற்றவற்றுக்குப் புரியவில்லை.

"அவ பயந்துக்கிட்டேதான் வந்தா. இத்தனை பொம்பளைங்க உள்ள இருக்காங்கன்னுதான் தைரியமா என்னைக் கழட்டி வச்சா" என்றது நீலச் செருப்பு.

"உள்ள யாருமில்ல. வர்றவங்களைப் பின்வாசல் வழியா வண்டியில ஏத்திடுவாங்க" என்றது ஒரு பழைய செருப்பு.

"அப்ப நீங்க ஏன் இன்னும் இங்க இருக்கீங்க?"



வீட்டுக்காரன் வெளியே வந்தான். எல்லாச் செருப்புகளையும் ஈரத்துணியால் தூசி போகத் துடைத்தான். இப்போதுதான் கழற்றியதுபோல ஒவ்வொன்றையும் சற்றுக் கோணலாக வைத்தான். நீலச் செருப்பை எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்தான்.

பத்து நாள் கழித்து, அக்கா சொல்லிவிட்டுப் போன முகவரியை விசாரித்துக்கொண்டு வளர்மதி வந்தாள். படியேறத் தயங்கி நின்றவள், சிவப்பு நூல் தையலைப் பார்த்தாள்.

"அக்கா இங்கதான் இருக்கா" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

"உள்ள போகாதம்மா" என்று நீலச் செருப்பு கத்தியது. செருப்பின் குரல் மனிதர் காதில் விழுவதில்லை.

வளர்மதி குனிந்து, கோணலாகக் கிடந்த அக்காவின் செருப்பை நேராக்கினாள். தன்னுடையதை அதை ஒட்டினாற்போல் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.