நடுக்கத்துக்கு ஒரு மணி நேரம்

பிறந்ததிலிருந்தே பெனிட்டாவின் வலது கை நடுங்கும். அதற்காகத் தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தருவார்கள். இந்த வருடம் டாக்டர் சான்றிதழ் செல்லாது. முதல் பத்து நிமிடம் மணிக்கட்டுப் பட்டை நடுக்கத்தை அளந்து தருவதுதான் நேரம்.

பாழாய்ப்போன கை இன்று அடங்கிக் கிடந்தது. பரீட்சையாயிற்றே என்று அம்மா காலையில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்திருந்தாள். அந்த இதம் இன்னும் அரை மணி நேரம்கூடத் தாங்காது.

பட்டையில் கூடுதல் நேரம் குறைந்துகொண்டே வந்தது. நாற்பது நிமிடம், இருபது, ஐந்து. பெனிட்டா எழுதுவதை விட்டுப் பட்டையையே பார்த்தாள். பேனா நழுவி விழும் அளவுக்குக் கை உதறியது.

“மிஸ், இப்ப நடுங்குது, பாருங்க.”

கண்காணிப்பாளர் குனிந்து பட்டையைப் படித்தார்.

“இது பயத்துல வர்ற நடுக்கம்னு காட்டுதும்மா. பயத்துக்கு நேரம் கிடையாது.”