தலைவரின் முழு மெமரி

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் தலைகுனிந்து, கைகளைத் தொடையோடு ஒட்டவைத்து, மூச்சை அடக்கி நின்றார்கள். யாரும் செத்துப்போகவில்லை. ஒரு பழைய கம்ப்யூட்டர் கண் விழித்துத் தன்னுடைய மெமரியை எண்ணிக்கொண்டிருந்தது.

டோக்கியோவின் கந்தா பகுதியில், ஒரு பொதுக் கட்டடத்தின் அடித்தளத்தில் ஞாயிறு மதியம் கூடும் பழங்கம்ப்யூட்டர் சங்கத்தின் சடங்கு அது. பொத்தானை அழுத்தியதும் 'பீபோ' என்று ஒரு சத்தம் வரும். பிறகு திரையில் மெமரிக் கணக்கு ஏறும். அது நிற்கும்வரை உறுப்பினர்கள் தும்மக்கூடாது.

சயோவின் பெட்டியில் கணக்கு பதினாலு மெகாபைட்டில் நின்றுவிட்டது.

"பதினாலா?" தலைவர் தொக்குமாரு நிமிர்ந்தார். "ஏம்மா, நீ கொண்டாந்தது கம்ப்யூட்டரா, கால்குலேட்டரா?"

பக்கத்தில் நின்ற எமோத்தோ குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். தலைவர் வாயைத் திறக்கும்போதே சிரிக்கத் தொடங்கிவிடுவது, ஐம்பதைத் தாண்டிய அந்த மனிதரின் சங்கப் பணி.

"முழுசாப் போட்டா படம் வரமாட்டேங்குது தலைவரே," என்றாள் சயோ. "அதான் ஒரு மெமரியைக் கழட்டிட்டேன்."

அதில் பொய்யில்லை. அந்தக் காலத்துப் பெட்டிகளில் மெமரியை ஓர் அளவுக்கு மேல் ஏற்றினால், அது உட்காரவேண்டிய இடத்தில் கிராஃபிக்ஸ் கார்டு ஏற்கெனவே துண்டு போட்டு வைத்திருக்கும். ஒன்று எழுந்தால்தான் மற்றது உட்காரும். ஆனால் கார்டு மாட்டிய பெட்டியில் மெமரியும் முழுசாக ஓட வேண்டும் என்பது சங்க விதி. விதியை எழுதியவர் தொக்குமாரு. அதை நிறைவேற்றிக் காட்டிய ஒரே பெட்டியும் அவருடையதுதான். மற்றவர்கள் கார்டே மாட்டாமல் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள்.

"பாத்துக்கோ," என்று தலைவர் தன் பெட்டியின் பொத்தானை அழுத்தினார். பீபோ. எல்லோரும் மறுபடி தலைகுனிந்தார்கள். கணக்கு பதினாலைத் தாண்டி, முப்பதைத் தாண்டி, அறுபதையும் தாண்டி ஓடியது. திரையில் வண்ண வண்ணமாகப் படம் விரிந்தது. உள்ளே டிரைவ் 'கிர்ர்... டக் டக், கிர்ர்... டக் டக்' என்று கம்பீரமாகச் சுற்றியது.

"எப்படித் தலைவரே இது?" என்றாள் சயோ.

"கைப்பக்குவம்மா. சொல்லிக்குடுத்தா வராது."

"மூடியைத் திறந்து காட்டுங்களேன், பாத்துக் கத்துக்கறேன்."

"சன்னிதியைத் திறந்து காட்டுன்னு யாராச்சும் கேப்பாங்களா?" மூடிமேல் காகிதம் ஒட்டி, அதன்மேல் தன் சிவப்பு முத்திரையையும் குத்தி வைத்திருந்தார் மனிதர். மற்றவர்கள் மூச்சுக்காற்றுக்கூட உள்ளே போய்விடக் கூடாதாம்.

ஜனவரிக் குளிர் சயோவின் விரல்களைக் கடித்தது. அங்கே குளிர்ந்தால் ஏதாவது பெட்டிக்குப் பின்னால் போய், மின்விசிறி ஊதித் தள்ளும் சூட்டில் கையைக் காட்டுவது வழக்கம். அவள் தலைவர் பெட்டிக்குப் பின்னால் கையை நீட்டினாள். ஒரு சூடும் இல்லை. ஆளுக்கேற்ற பெட்டி என்று நினைத்துக்கொண்டு கையை இழுத்துக்கொண்டாள்.

தொக்குமாரு தீர்ப்புக்காகத் தொண்டையைச் செருமினார். "இப்பல்லாம் சில பசங்க லேப்டாப்புல ஒரு புரோகிராமைப் போட்டு, அதைப் பழைய மெஷின் மாதிரியே நடிக்க வெக்கிறானுங்க. சத்தம்கூட அப்படியே வருதாம். தூ! பாதி மெமரியில ஓட்டுற உனக்கும் அவனுங்களுக்கும் என்ன பெரிய வித்தியாசம்?"

"வித்தியாசம் இல்லையா? நான் கழட்டினதைக் கழட்டினேன்னுதானே சொன்னேன்!"

"வாய் மட்டும் முழுசா ஓடுது." எமோத்தோ சிரித்து முடிக்கும்வரை தலைவர் காத்திருந்தார். "சுவத்துல இருக்குற உன் பேர்ப்பலகையைக் கழட்டிக்கோ. அலமாரிச் சாவியை மேஜைமேல வெச்சிட்டுக் கெளம்பு."

சயோ சுவர்ப்பக்கம் திரும்பினாள். பேர்ப்பலகை போனால் போகட்டும். கடைகளில் தேடினாலும் கிடைக்காத பழைய உதிரிப் பாகங்கள் எல்லாம் அந்த அலமாரிக்குள்தான் இருந்தன. சாவி போய்விட்டால், அவள் வீட்டில் இருக்கும் பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணை மூடும்.

"ஒரு மாசம் டைம் குடுங்க தலைவரே."

"சங்கம்னா ஒரு தரம் வேணும்மா." அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "எமோத்தோ, டீ போடுய்யா. எல்லாரும் அவங்கவங்க பெட்டியைப் போட்டு வைங்க. நெஜமான மெஷின் எப்படி ஓடும்னு போறப்பவாவது இந்தம்மா பாத்துட்டுப் போகட்டும்."

கூடம் முழுக்கப் பீபோ, பீபோ என்று கூவியது. குண்டுத் திரைகள் வரிசையாக ஒளிர்ந்தன. எமோத்தோ மூலைக்கு ஓடி, மின்சாரக் கெட்டிலின் சுவிட்சைத் தட்டிவிட்டார்.

டப்!

அடித்தளமாயிற்றே, ஜன்னல் ஏது? தன் மூக்கு தனக்கே தெரியாத இருட்டு. மின்விசிறிகள் பெருமூச்சு விட்டு அடங்கின. திரைகள் ஒவ்வொன்றும் புள்ளியாய்ச் சுருங்கி அணைந்தன, தலைவருடைய திரையும்தான்.

அந்த நிசப்தத்தில், தலைவருடைய மேஜையிலிருந்து மட்டும் சத்தம் வந்துகொண்டே இருந்தது.

கிர்ர்... டக் டக். கிர்ர்... டக் டக்.

சயோவின் கை சுவரில் பேர்ப்பலகைமேல் அப்படியே நின்றது. தொக்குமாரு பலமாக இருமிப் பார்த்தார். சத்தம் இருமலுக்கு அடங்கவில்லை. அதே மேஜையில் யாரோ அவசர அவசரமாகக் காகிதத்தைக் கிழிப்பது கேட்டது.

மூலையிலிருந்து எமோத்தோவின் குரல் பக்தியில் தழுதழுத்து வந்தது.

"பாத்தீங்களா! நம்ம தலைவர் பெட்டி ஓடறதுக்குக் கரண்டே தேவையில்ல!"