பிள்ளை வாங்கும் துணி

பிறந்த பிள்ளையைப் பழைய வேட்டியில்தான் வாங்க வேண்டும். புதுத்துணி பிஞ்சு உடம்பில் உரசும். கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் நர்ஸ் எஸ்தர், "பொம்பளப் பிள்ளை பொறந்திருக்கு. பழைய துணி எங்கேய்யா?" என்று கேட்டதும் சீனிராஜ் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒரு வெள்ளைத் துணியை நீட்டினான்.

ஆய்வுக்கூடத்தில், செடியே இல்லாமல் பருத்தியின் செல்லிலிருந்தே தொட்டியில் பஞ்சு வளர்ப்பதுதான் அவன் வேலை. மனைவி முழுகாமல் இருப்பது தெரிந்த அன்றே ஒரு தொட்டியைத் தனக்கென்று கேட்டு வாங்கி, வைட்டமின் சி-யும் ஹார்மோனும் பக்குவம் பார்த்துத் தானே ஊட்டி, துணி மெத்தென்று வர வேண்டுமென்று பஞ்சு இழையை முழ நீளத்துக்கு வளர்த்து, அதை நூற்று நெய்து வாங்கியிருந்தான்.

எஸ்தர் துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "வெண்ணெயாட்டம் இருக்கே! எத்தனை வருஷம் துவைச்ச வேட்டி? உங்கப்பாவோடதா?"

"இன்னும் யாருமே உடுத்தல, சிஸ்டர். இனி எம்மக உடுத்தித்தான் இது பழசாகணும்."